லேங்காஸ்டர் பக்கம் பழைய பார்ன்கள்: எங்கே போகலாம், என்ன பார்க்கலாம்?

எடிசன்வாசி
அக்டோபர் மூன்றாம் வாரம் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். நயாகரா, வாஷிங்டன் எல்லாம் போன முறையே முடிந்துவிட்டது. அப்பா திருவாரூர் பக்கம் விவசாயம். போன தடவை பென்சில்வேனியா டர்ன்பைக்கில் போகும்போது பெரிய பெரிய பார்ன்களை (பண்ணைக் கொட்டகைகளை) பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கொட்டகையில் என்னத்தை வைப்பான்?" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வந்தார். இந்த முறை ஒரு நாள் ஒதுக்கி லேங்காஸ்டர் கவுன்ட்டிக்கே கூட்டிப்போகலாம் என்று எண்ணம். ஆமிஷ் (பழைய முறையிலேயே வாழும் கிறித்தவச் சமூகத்தார்) குதிரை வண்டிச் சவாரி, பிரெட்ஸல் கடை எல்லாம் வேண்டாம். பார்ன்தான் பார்க்க வேண்டும். பழையதும் சரி, இப்போது கட்டுவதும் சரி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய உத்திரம்
அப்பா கேட்ட கேள்விக்கே முதலில் வருகிறேன். கீழே மாடும் குதிரையும். மேலே அவை குளிர்காலம் முழுக்கத் தின்னக் காய்ந்த புல். நடுவில் கதிரடிக்கும் தளம், ஓரத்தில் தானிய அறை. எல்லாம் ஒரே கூரைக்குள். நவம்பர் வந்தால் மேய்ச்சல் போச்சு, ஏப்ரல் வரை வெளியே ஒன்றும் முளைக்காது. ஐந்தாறு மாதத் தீவனம் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று அப்பாவிடமே கேளுங்கள், மனக்கணக்காகச் சொல்லிவிடுவார்.

அந்தப் பகுதிக்கே உரியது 'பேங்க் பார்ன்'. சரிவான நிலத்தில் கட்டுவார்கள். மேட்டுப் பக்கமிருந்து புல் வண்டியை நேராக மாடிக்குள் ஓட்டிவிடலாம். சுற்றிப் பள்ளத்துப் பக்கம் வந்தால் அதே கட்டிடத்தின் கீழ்த்தளம், தொழுவம். புல்லை மேலே கொண்டுவருவது குதிரையின் பாடு. கீழே மாட்டுக்குப் போட, தளத்தில் இருக்கும் திறப்பு வழியே தள்ளிவிட்டால் போதும். சமநிலத்தில் கட்டியிருந்தால் கூட மண்ணைக் கொட்டி ஒரு சாய்தளம் போட்டிருப்பார்கள்.

தொழுவ வாசல் பெரும்பாலும் தெற்கு அல்லது தென்கிழக்கைப் பார்த்திருக்கும், குளிர்கால வெயிலுக்காக. அந்த வாசலுக்கு மேலே மாடி நாலு அடி, ஆறு அடி, சிலவற்றில் அதற்கும் கூடுதலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு ஃபோர்பே என்று பெயர். மழையும் பனியும் வாசலில் விழாது. பென்சில்வேனியா பார்ன் என்று ஒன்றைச் சொல்ல வைப்பதே இந்த நீட்டல்தான். இங்கிலாந்தின் மலைப்பகுதிகளிலும் சரிவில் கட்டிய பார்ன்கள் உண்டு, ஆனால் இந்த ஃபோர்பே இருக்காது. ராபர்ட் என்ஸ்மிங்கர் என்ற ஆராய்ச்சியாளர் இதன் மூலத்தைத் தேடிச் சுவிட்சர்லாந்தின் பிரட்டிகாவ் பள்ளத்தாக்கு வரை போனார். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் குடியேறிகளோடு வந்து, 1900 வாக்கில் வரை இதே மாதிரி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தால் டார்ச் எடுத்துப் போங்கள். தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் ஆணி இருக்காது. உத்திரத்தின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, தூணின் துளைக்குள் செருகி, குறுக்கே ஓக் மர முளை அடித்திருப்பார்கள். முளைக்கான துளைகளை ஒரு நூல் விலக்கித் துளைப்பது தச்சரின் கைவேலை. முளை உள்ளே இறங்க இறங்க மூட்டு இறுகும். பக்கத்திலேயே உளியால் கீறிய ரோமன் எண்கள் இருக்கும். தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, பிரித்து, பிறகு மேலே ஏற்றும்போது எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று தெரிய வேண்டுமல்லவா. நான்கு என்பதை நாலு கோடாகத்தான் போட்டிருப்பார்கள், ஐந்துக்கு முன் ஒன்று என்ற கணக்கெல்லாம் இல்லை. தலைகீழாகப் பார்த்தாலும் குழப்பம் வராது.

சுசீலாக்கா யார்க்
தம்பி, ஞாயிற்றுக்கிழமை வராதே. ஆமிஷ் குடும்பங்களுக்கு அன்று வழிபாடு, கடை எதுவும் திறக்காது. பண்ணைச் சாலையோரக் கடைகளும் கிடையாது.

சில விஷயம் சொல்லிவிடுகிறேன். அவை யாரோ குடியிருக்கும் இடங்கள். வண்டியை ஓரம் கட்டி ரோட்டிலிருந்து பார்க்கலாம், கேட்காமல் உள்ளே நுழையக் கூடாது. ஆமிஷ் ஆட்களின் முகத்தைப் படமெடுக்காதீர்கள். பார்னைத் தூரத்திலிருந்து எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முட்டையோ பூசணிக்காயோ வாங்கிவிட்டு, "அப்பாவும் விவசாயி, உள்ளே பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் மாமனார் வந்தபோது அப்படித்தான் கேட்டோம். அந்தப் பெரியவரும் இவரும் அரை மணி நேரம் பசுவின் மடியைப் பற்றிப் பேசினார்கள். நடுவில் மொழிபெயர்த்த என் கணவருக்குத்தான் இரண்டு பக்கமும் புரியவில்லை.

சாலை 340 வேண்டாம், அது முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். அதிலிருந்து வடக்கே, நியூ ஹாலந்து பக்கம் போகும் சின்னச் சாலைகளில் ஓட்டுங்கள். குதிரை வண்டி முன்னால் போனால் ஹாரன் அடிக்க வேண்டாம்.

கேமராக்கண்
பார்ன் படம் எடுப்பதே என் வார இறுதி வேலை, அதனால் என் பங்குக்கு. ஆமிஷ் பார்ன்களின் முகப்பில் வட்டத்துக்குள் நட்சத்திரம், ஆறு இதழ்ப் பூ எல்லாம் வரைந்திருப்பார்கள், ஹெக்ஸ் குறிகள். பேய் பிசாசு அண்டாமல் இருக்க. நம் ஊர்த் திருஷ்டிப் பூசணி கணக்குத்தான். கல் பார்ன்களில் ஒல்லியாக நெட்டுக்குத்தாகப் பிளவு விட்டிருப்பதையும் பாருங்கள். பூர்வகுடிகள் தாக்கினால் உள்ளே இருந்து சுடுவதற்கு விட்டது.

பழைய உத்திரம்
இரண்டும் சுற்றுலாக் கதை, கேமரா சார். ஆமிஷ் பார்ன்களில் ஹெக்ஸ் குறி இருக்காது. அலங்காரம் அவர்கள் வழக்கத்திலேயே இல்லை. அதை வரைந்தவர்கள் லூத்தரன், ரிஃபார்ம்ட் சபைகளைச் சேர்ந்த பென்சில்வேனியா ஜெர்மானியர்கள். அவர்களும் ஆமிஷ் ஆட்களும் ஒரே பேச்சுவழக்கைப் பேசுபவர்கள், அதனால் வெளியாட்கள் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டுமானால் லேங்காஸ்டரை விட்டு வடகிழக்கே பெர்க்ஸ் கவுன்ட்டிக்குப் போக வேண்டும். பேய் ஓட்டவா, வெறும் அழகுக்கா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதே நட்சத்திரமும் பூவும் அவர்களுடைய கல்லறைக் கற்களிலும் திருமுழுக்குச் சான்றிதழ்களிலும் இருக்கின்றன. நான் அழகுக் கட்சி.

கல் சுவர்ப் பிளவு காற்றுக்கு. வெளியே ஒல்லியாக, உள்ளே அகலமாக விரிந்திருக்கும். மழைச்சாரல் உள்ளே வராது, புல்லின் ஈரம் வெளியே போகும். பூர்வகுடிகளோடு நடந்த சண்டைகள் எல்லாம் ஓய்ந்து பல பத்தாண்டுகள் கழித்துக் கட்டிய பார்ன்களிலும் அதே பிளவு உண்டு.

இதே வேலையைச் செங்கல்லில் செய்திருப்பதைத்தான் அவசியம் பார்க்க வேண்டும். யார்க், ஆடம்ஸ், கம்பர்லேண்ட் கவுன்ட்டிகளில் பக்கச் சுவர் மட்டும் செங்கல்லால் ஆன பார்ன்கள் உண்டு. காற்றுக்காகச் செங்கல்லை விட்டு விட்டு வைப்பதில் கதிர்க்கட்டு, கோப்பை, வைர வடிவம் என்று கோலம் போட்டிருப்பார்கள். மாலை நேரம் உள்ளே நின்றால் அந்தக் கதிர்க்கட்டு வெயிலாகத் தரையில் விழும்.

கேமராக்கண்
செங்கல் சுவர் படங்கள் என்னிடம் இருக்கின்றன, தனி இழையில் போடுகிறேன். ஹெக்ஸ் விஷயத்தில் நான் இன்னும் பேய்க் கட்சிதான். வெறும் அழகுக்கு ஒருவன் நாற்பது அடி ஏணியில் ஏறுவானா?

முக்கோணச் சுவரின் உச்சியில் நட்சத்திரமாகவோ இதயமாகவோ ஒரு ஓட்டை இருந்தால் அது கூகைக்கு. எலி பிடிக்க ஆள் வேண்டும், கூகை வந்து போக வழி. இதிலாவது சண்டை இருக்காதே?

பழைய உத்திரம்
இதில் இல்லை.

பட்டிக்காரன்
நான் கோபி பக்கம், வீட்டில் பால்மாடு. இப்போது விஸ்கான்சினில் மாட்டுத் தீவனக் கம்பெனியில் வேலை, பென்சில்வேனியாவும் என் வட்டாரத்தில் வரும். எல்லோரும் உத்திரத்தையும் கூகையையும் பேசுகிறீர்கள். மாட்டின் பக்கமிருந்து கொஞ்சம் பேசுகிறேன்.

பழைய பார்னின் கீழ்த்தளம் மாட்டுக்கு நல்ல இடமில்லை. கூரை ஏழெட்டு அடிதான். ஒரு கறவை ஹோல்ஸ்டீன் நாளைக்கு 100 லிட்டர் தண்ணீர் சாதாரணமாகக் குடிக்கும். அதில் ஒரு பங்கு மூச்சாகவும் ஆவியாகவும் வெளியே வரும். நாற்பது மாடுகளைத் தாழ்ந்த கூரைக்குக் கீழே கட்டி, குளிருக்குப் பயந்து கதவைச் சாத்தினால் சுவரில் தண்ணீர் வழியும், கன்றுகளுக்கு நிமோனியா வரும். குளிர் மாட்டுக்குப் பெரிய விஷயமே இல்லை. படுக்கை காய்ந்திருந்து வயிறு நிறைந்திருந்தால் தண்ணீர் உறையும் குளிரிலும் நிம்மதியாக அசைபோடும். ஜூலை வெக்கையில்தான் பால் குறையும்.

அதனால் இப்போது கட்டுவது அப்படியே எதிர்மாறு. ஃப்ரீஸ்டால் பார்ன் என்பார்கள். உயரமான கூரை, பக்கத்தில் சுவர் கிடையாது, ஏற்றி இறக்கும் திரை மட்டும். ஆள் உயர மின்விசிறிகள். மாட்டைக் கட்டுவதில்லை. மணல் போட்ட படுக்கைகள் வரிசையாக இருக்கும், எது பிடிக்கிறதோ அதில் போய்ப் படுத்துக்கொள்ளும். சாணத்தை ஒரு இரும்புத் தகடு தானாக நகர்ந்து வழித்துக்கொண்டு போகும், மாடுகள் காலைத் தூக்கி அதைத் தாண்டும். சில இடங்களில் ரோபோதான் கறக்கிறது. மாடு தானாக வந்து பெட்டிக்குள் நிற்கும், கழுத்துப்பட்டையை வைத்து யாரென்று தெரிந்துகொள்ளும், லேசரால் காம்பைத் தேடிக் குவளையை மாட்டும். அடர்தீவனம் அந்தப் பெட்டியில் கிடைக்கும், அந்த ஆசைக்குத்தான் மாடு வருகிறது. உங்கள் அப்பாவுக்கு உத்திரத்தைவிட இது பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

மேல்தளம் காலியானதற்கும் காரணம் இருக்கிறது. முன்பு ஒரு ஆள் தூக்கும் 40, 50 பவுண்டுக் கட்டுகளாகப் புல்லைக் கட்டினார்கள். இப்போது பெரிய உருளைக் கட்டு ஒன்றே ஆயிரம் பவுண்டு பக்கம் வரும். டிராக்டர் முள்ளில் குத்தித் தூக்க வேண்டும். அந்த வாசலில் நுழையாது, நுழைந்தாலும் டிராக்டர் பாரத்தை அந்தப் பலகை தாங்காது. பிளாஸ்டிக் சுற்றி வயலோரம் வெள்ளையாகப் போட்டுவிடுகிறார்கள். 1970-ல் அமெரிக்காவில் கறவை மாடு வைத்திருந்த பண்ணைகள் 6 லட்சத்துக்கு மேல். இப்போது உரிமம் பெற்ற பால் பண்ணைகள் 30,000 கூட இல்லை. மிச்சப் பார்ன்களில் என்ன இருக்கும்? படகும் பழைய டிராக்டரும்தான்.

வெண்ணிலா ஹாரிஸ்பர்க்
கல்யாணம் இருக்கும்! என் தோழியின் திருமணம் அப்படி ஒரு பார்னில்தான் நடந்தது. விளக்குச் சரம், மர வாசனை, படமெல்லாம் அள்ளியது. ஆனால் ஓமம் வளர்க்க விடவில்லை. காய்ந்த மரம், தீ விதி. பேசிப் பேசிக் கடைசியில் வெளியே கல் முற்றத்தில் மணவறை போட்டு, உள்ளே சாப்பாடு என்று முடிவானது. ஜூலை மாதம், மேல்தளம் அடுப்பு மாதிரி. கீழே தொழுவம் இருந்த இடத்தில் மணப்பெண் அலங்கார அறை வைத்திருந்தார்கள், அங்கேதான் குளுகுளு. கட்டணம் எல்லாம் கட்டிய பிறகு, தீயணைப்புச் சோதனை முடிந்து அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள் என்று மண்டபத்தார் சொன்னார்கள். அறுபது பேரிடம் "வராதீர்கள்" என்று எப்படிச் சொல்வது? இடத்தின் பெயர் வேண்டாம்.

பட்டிக்காரன்
மாடு இருந்த இடத்தில் மேக்கப். நன்றாக இருக்கிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பா? பேசாமல் இடித்துவிட்டுப் போகலாம்.

பழைய உத்திரம்
இடித்துவிடலாம் என்பது சுலபம், சார். இடிப்பதற்கும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தை அழித்த பூஞ்சை நோயை 1904-ல் நியூயார்க்கில் கண்டார்கள், சில பத்தாண்டுகளில் கோடிக்கணக்கான மரங்கள் போய்விட்டன. இன்று அந்த மரத்தில் ஒரு உத்திரம் வேண்டுமென்றால் பழைய பார்னைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். நகரத்துக் காபிக் கடைச் சுவரில் நரைத்த பலகையைப் பார்த்தால் அது எங்கோ ஒரு பார்னின் தோல்.

நான் பார்த்தவரை பார்னைக் கொல்வது கூரை. ஒரு தகடு பறந்தால் தண்ணீர் ஒரே மூட்டில் இறங்கும், அந்த நாக்கு உளுத்தால் தூண் விலகும், ஒரு பக்கம் சரிந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும். கூரையைச் சரிசெய்யப் பணம் வேண்டும். வருமானம் தராத கட்டிடத்துக்கு அந்தச் செலவை எந்த விவசாயியும் செய்ய மாட்டார். மத்திய அரசின் 20 சதவீத வரிச் சலுகை கூட, வரலாற்றுச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்ட, வருமானம் ஈட்டும் கட்டிடத்துக்குத்தான். அதனால் கல்யாணம் நடக்கட்டும், கூரை நிற்கும். நாளைக்கு யாராவது ஆடு வளர்க்க நினைத்தால் கட்டிடமாவது இருக்குமே.

ஆனால் எப்படி மாற்றுகிறார்கள் என்பதில் எனக்கும் கோபம் உண்டு. விவசாயக் கட்டிடங்களுக்கு மாநிலக் கட்டிட விதியிலிருந்து விலக்கு இருக்கிறது. கூட்டம் கூடும் இடமாக்கினால் அந்த விலக்கு போய்விடும். தளம் சதுர அடிக்கு 100 பவுண்டு தாங்க வேண்டும், வெளியேறும் வழிகள் வேண்டும், பெரும்பாலும் தண்ணீர்த் தெளிப்பான்களும் கேட்பார்கள். வெண்ணிலா சொன்ன எண்ணிக்கைப் பிரச்சினை, இதையெல்லாம் முடிக்காமல் முன்பணம் வாங்கியதால் வந்திருக்கும். இன்னும் மோசம், நடன இடத்துக்குத் தலை இடிக்கிறது என்று குறுக்கு உத்திரத்தை அறுப்பது. இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துக்கொண்டிருப்பதே அதுதான். அறுத்த ஐந்தாம் வருடம் கூரை பாரம் சுவர்களை வெளியே தள்ளியிருக்கும்.

ஒழுங்காகச் செய்ததற்கு உதாரணம் வேண்டுமானால் எலிசபெத்டவுன் பக்கம் ஸ்டார் பார்ன். 1870-களில் கட்டியது, நெடுஞ்சாலை 283 ஓரம் இருந்தது. காற்றுத் திறப்புகள் நட்சத்திர வடிவில் இருக்கும். துண்டு துண்டாகப் பிரித்து வேறு இடத்தில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் கல்யாணம்தான்.

பட்டிக்காரன்
பிரித்து வேறு இடத்தில் வைத்தால் அது பார்ன் இல்லை, பார்னின் சிலை. வயலும் மாடும் இல்லாமல் என்ன பார்ன்? ஆமிஷ் ஆட்களைப் பாருங்கள். கம்பி வழி மின்சாரம் இல்லாமல், டீசல் எஞ்சினை வைத்துப் பாலைக் குளிரூட்டி, அதே பழைய பார்னில் நாற்பது மாடு வைத்துப் பிழைக்கிறார்கள். எரிந்தால் அக்கம்பக்கம் நூற்றுக்கணக்கில் திரண்டு ஒரே நாளில் சட்டத்தை எழுப்பிவிடுகிறார்கள். அது உயிரோடு இருக்கும் பார்ன்.

பழைய உத்திரம்
நீங்கள்தான் அந்தக் கீழ்த்தளம் மாட்டுக்கு ஆகாது என்றீர்கள்.

பட்டிக்காரன்
விசிறி போட்டிருக்கிறார்கள், சார். டீசலிலிருந்து காற்றழுத்தம், காற்றழுத்தத்தில் விசிறி. மாடு அவர்களுக்குப் பிழைப்பு, அதனால் வழி கண்டுபிடித்தார்கள்.

எடிசன்வாசி
சண்டை நன்றாகத்தான் போகிறது, தொடருங்கள். ஒரு கேள்வி. எரிந்தால் என்றீர்கள். அடிக்கடி எரியுமா? பல பார்ன்களில் இடிதாங்கி பார்த்தேன், கம்பியில் கண்ணாடிக் குண்டு வேறு.

பட்டிக்காரன்
இடியும் காரணம்தான். ஃபிராங்க்ளின் இடிதாங்கியைச் சொன்ன ஊர் பக்கத்து ஃபிலடெல்ஃபியா அல்லவா, அதனால் எல்லாக் கூரையிலும் நிற்கிறது. கண்ணாடிக் குண்டு அழகுக்கு, விற்க வந்தவர்கள் மாட்டிவிட்டுப் போனது.

ஆனால் பார்ன் தானாகவே பற்றிக்கொள்ளும். புல்லைச் சரியாகக் காயவிடாமல், ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே கட்டி அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடேறும். அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். கட்டிய இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை பயம். ஓட்டை போட்ட குழாயைப் புல் போருக்குள் செருகி, கயிற்றில் வெப்பமானியை இறக்கிப் பார்ப்பார்கள். 150 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 65 செல்சியஸ் பக்கம் வந்தால் தினமும் பார்க்க வேண்டும். 175 தாண்டினால் தீயணைப்பு வண்டி வராமல் கட்டைப் பிரிக்கக் கூடாது. பிரித்தவுடன் காற்றுப் பட்டு குப்பென்று பிடிக்கும். மேலே நடந்து பார்க்கவும் கூடாது, அடியில் வெந்து குழியாகியிருந்தால் ஆள் உள்ளே போய்விடுவார்.

பக்கத்தில் நிற்கும் உயரமான சைலோவையும் (தீவனத்தைச் சேமிக்கும் கோபுரம்) அப்பாவிடம் காட்டுங்கள், ஆனால் அருகே போக வேண்டாம். மக்காச்சோளத் தட்டு நிரப்பிய முதல் மூன்று வாரம் அதிலிருந்து நைட்ரஜன் டையாக்சைடு வரும். பழுப்பு மஞ்சளாக, பிளீச்சிங் பவுடர் வாடையுடன். காற்றைவிடக் கனம், அடிவாரத்து அறையில் தேங்கி நிற்கும். செப்டம்பர், அக்டோபர் சரியாக அந்தக் காலம்.

சுசீலாக்கா யார்க்
புகையிலைக் கொட்டகையை யாருமே சொல்லவில்லையே! நீ வரும் மாதத்துக்கு அதுதான் சிறப்பு.

லேங்காஸ்டரில் பல பண்ணைகளில் பெரிய பார்னுக்குப் பக்கத்தில் நீளமாக, ஒடுக்கமாக ஒரு கொட்டகை இருக்கும். சுவர்ப் பலகைகள் நெட்டுக்குத்தானவை, சிலவற்றுக்குக் கீல் வைத்திருக்கும். ஒன்று விட்டு ஒன்றாகத் திறந்து வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சீப்புப் பல் மாதிரி தெரியும். ஆகஸ்ட், செப்டம்பரில் செடியை அடியோடு வெட்டி, நாலடிக் குச்சியில் ஐந்தாறு செடியாகக் குத்தி, அந்தக் குச்சியை உள்ளே இருக்கும் மரச் சட்டங்களில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். அடுக்கடுக்காக உச்சி வரை. மேல் அடுக்கில் காலை அகட்டி நின்று வாங்கி வாங்கி மாட்டுவது பெரும்பாலும் வீட்டுப் பையன்கள்தான். அக்டோபரில் பச்சை போய் மஞ்சளும் பழுப்புமாகத் தொங்கும். மழை வந்தால் பலகையைச் சாத்துவார்கள், காய்ந்த காற்று வந்தால் திறப்பார்கள். அந்த வாசனை ரோட்டுக்கே வரும், சிகரெட் வாசனை இல்லை, காய்ந்த திராட்சை மாதிரி. முன்பைவிட இப்போது போடுகிறவர்கள் மிகவும் குறைவு. பல கொட்டகைகளில் புல்லும் வண்டியும்தான் நிற்கின்றன. இருந்தாலும் தேடினால் கண்ணில் படும்.

பழைய உத்திரம்
சரி, ஒரு நாள் திட்டம். எடிசனிலிருந்து இரண்டேகால், இரண்டரை மணி நேரம். காலையில் முதலில் லேண்டிஸ் வேலி, மாநில அரசு நடத்தும் திறந்தவெளி அருங்காட்சியகம். பார்ன், கருவிகள், வண்டிகள் எல்லாம் நிதானமாக உள்ளே போய்ப் பார்க்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். திறந்திருக்கும் நாளை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அக்கா சொன்ன நியூ ஹாலந்து சாலைகள், புகையிலைக் கொட்டகைகள்.

இன்னொரு நாள் கிடைத்தால் கெட்டிஸ்பர்க், லேங்காஸ்டரிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களத்துக்கு நடுவே டிராஸ்டில் பண்ணையின் செங்கல் பார்ன் நிற்கிறது. 1863 ஜூலையில் பீரங்கிக் குண்டு துளைத்த ஓட்டை இன்னும் பக்கச் சுவரில் அப்படியே இருக்கிறது. சுற்றுவட்டாரப் பார்ன்கள் பலவும் அந்த வாரம் மருத்துவமனைகளாக இருந்தவை.

பட்டிக்காரன்
நவீன பார்னுக்கு: அந்தப் பகுதியில் சில பால் பண்ணைகள் பார்வையாளர்களை அனுமதிக்கின்றன, ஐஸ்கிரீம் கடையும் சேர்த்து வைத்திருப்பார்கள். முன்பே தொலைபேசியில் கேளுங்கள். வேறு மாட்டுப் பண்ணைக்குப் போட்டுப் போன செருப்பைப் போட்டு வரக் கூடாது என்பார்கள், நோய்க்குப் பயந்து. அப்பா ஊரிலிருந்து வந்தவுடன் என்றால் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில பண்ணைகள் வெளிநாட்டிலிருந்து வந்து ஐந்து நாளாவது ஆக வேண்டும் என்று கேட்கும். கோமாரி நோய் இங்கே 1929-க்குப் பிறகு இல்லை, அந்தப் பயம்.

எடிசன்வாசி
நன்றி எல்லோருக்கும். அவர்கள் 14-ஆம் தேதி இறங்குகிறார்கள், பண்ணைக்கு 21 வாக்கில் கேட்கிறேன். அப்பா ஊர்ச் செருப்போடு விமானத்திலிருந்து இறங்கினால் என்ன செய்வது?

பட்டிக்காரன்
விமான நிலையச் சுங்கச் சோதனையிலேயே பண்ணையில் இருந்தீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று பதில் சொல்லச் சொல்லுங்கள், செருப்பைக் கழுவித் தருவார்கள். பண்ணைக்குப் போகும் நாளுக்கு ஒரு புது ரப்பர் பூட்ஸ் வாங்கிவிடுங்கள். டிராக்டர் சாமான் கடையில் கிடைக்கும், அப்பாவை அந்தக் கடைக்குள் விட்டால் வெளியே கூட்டிவர ஒரு மணி நேரம் ஆகும், அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.